தோட்டம் கைமாறுகிறதா? கணக்கைக் கேளுங்கள்

“தோட்டத்தை வித்துட்டாங்களாமே!” என்ற பேச்சு முதலில் பெரட்டில்தான் கிளம்பும். நிர்வாகம் வாய் திறக்காது. கிராணியாரைக் கேட்டால், “எனக்கென்னப்பா தெரியும்” என்பார். நிலம் அளக்கிறவர்கள் வந்து கல் நட்டுப் போன பிறகுதான் நம்மவர்கள் பதறிக்கொண்டு சங்கத்தைத் தேடி வருகிறார்கள்.

அந்தக் காலத் தோட்டத் துண்டாடலில் வெறுங்கையோடு வெளியேறிய குடும்பங்கள் எத்தனையோ. இன்று அப்படி யாரும் போக வேண்டியதில்லை. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் 1980-இல் வந்த வேலை நிறுத்த, ஆட்குறைப்பு நன்மை விதிகள் நமக்கு உண்டு. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கே அவை பொருந்தும். இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு, ஆண்டொன்றுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் பதினைந்து நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். வேலை நின்ற ஏழு நாளுக்குள் பணம் கைக்கு வர வேண்டும். இது தவிர நோட்டீசும் உண்டு. ஐந்தாண்டு கடந்தவருக்கு எட்டு வாரம்.

புது முதலாளி வந்தால்? கைமாறிய ஏழு நாளுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தருவதாக அவர் சொல்ல வேண்டும். நாம் சேர்ந்தால் பழைய சேவைக் காலம் அறுந்து போகாது, தொடரும். தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் நன்மைத் தொகை கிடைக்காது. அவர் வேலையே தரவில்லை என்றால், பழையவரும் புதியவரும் சேர்ந்தே பொறுப்பு. “அவரைக் கேள், இவரைக் கேள்” என்று நம்மைப் பந்தாட முடியாது.

இனிக் கணக்கு. இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். கடைசிப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தைக் கூட்டி, 365-ஆல் வகுத்து வருவதுதான் ஒரு நாள் சம்பளம். 26-ஆல் அல்ல. மாதம் 1,700 வெள்ளி வாங்கினவருக்கு ஆண்டுக்கு 20,400 வெள்ளி; நாளுக்குச் சுமார் 55 வெள்ளி 89 காசு. இருபத்திரண்டு வருஷம் உழைத்தவருக்கு 440 நாள். ஏறக்குறைய 24,590 வெள்ளி.

கடைசிப் பன்னிரண்டு மாதம் என்பதைக் கவனியுங்கள். விற்க நினைக்கிற நிர்வாகம் என்ன செய்கிறது? உரம் போடுவதில்லை, புல் வெட்டுவதில்லை, பாதி நாளுக்கு வேலையில்லை. சம்பளம் இறங்குகிறது. அந்த ஒரு வருஷத்து இறக்கம் இருபத்திரண்டு வருஷத்துக் கணக்கையும் கீழே இழுத்துவிடுகிறது! அதே தொழிலாளிக்கு மாதம் 1,300 வெள்ளிதான் காட்டினால், கிடைப்பது சுமார் 18,800 வெள்ளி. ஏறக்குறைய 5,790 வெள்ளி நட்டம். பால் வெட்டுகிறவரும் குலை வெட்டுகிறவரும் எடைக்கூலி வாங்கினாலும், 2025-இல் வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக்கு மாதக் கூலி குறையக்கூடாது. ஆகவே சம்பளச் சீட்டைக் கிழித்தெறியாமல் மாதந்தோறும் சேர்த்து வையுங்கள். குறைந்தால் அந்த மாதமே கேளுங்கள். தோட்டம் விற்ற பிறகு கேட்டால் யார் காதில் விழும்?

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. விற்பனைக்குக் கொஞ்சம் முன்னால், “இனி கான்டிராக்டர் கிட்ட வேலை, இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா” என்று தாளை நீட்டுவார்கள். அது ராஜினாமாக் கடிதமாக இருக்கும். தானாக விலகினவருக்கு 1980 விதிகளில் ஒரு காசும் இல்லை. படிக்கத் தெரியாத தாளில் கை வைக்காதீர்கள். பிள்ளைகளையாவது படிக்கச் சொல்லுங்கள். குறைவாகக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தொழிலாளர் இலாகாவில் மனுப் போடலாம். வக்கீல் வைக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் இந்த விதிகளில் வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவன் 24,000 வெள்ளியை வைத்துக்கொண்டு எந்த ஊரில் வீடு வாங்குவான்? தோட்ட நிலத்தை வீடமைப்புக்கு மாற்ற அனுமதி தரும் மாநில அரசாங்கங்கள், அங்கேயே உழைத்தவனுக்கு அந்த நிலத்தில் ஒரு வீடு என்பதை அனுமதியின் நிபந்தனையாகவே எழுத வேண்டும் என்று நாம் கேட்கிறோம். நிலம் மாநிலத்தின் கையில் இருக்கிறது, எழுதுவதற்குத் தடையென்ன?