முதுசமாக வந்த மனிதர்கள்

கிராமங்களில் காணிப் பிணக்குகளோடு மாரடிக்கும் எவருக்கும் பழைய உறுதிகளை வாசிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும். எல்லை சொல்லி, பரப்புச் சொல்லி, வீடு கிணறு வான்பயிர் உட்பட என்று எழுதிய அந்த வரிகளுக்குள் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை கிடக்கும். அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் 18 ஆம் நூற்றாண்டுப் புகையிலைத் தோட்டக்காரர் எழுதிவைத்த மரணசாசனங்களைப் பற்றி வாசித்தபோது, அவற்றின் நடை எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. மூத்த மகனுக்கு ஆற்றங்கரைக் காணி, மனைவிக்குச் சீவிய காலம் வரை வீடு, மகளுக்கு மெத்தை, கறவைப் பசு, ஒரு கறுப்பினச் சிறுமி. அச்சிறுமியின் பெயருக்குப் பக்கத்தில் வழக்கமான ஒரு சொல் வரும்: அவளும் அவளுடைய 'பெருக்கமும்'. பெருக்கம் என்றால் அவளுக்கு இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகள்.

அடிமைமுறை என்றதும் நமது மனக்கண்ணில் கப்பலும் சங்கிலியும் சவுக்கும் வருகின்றன. அவை உண்மையே. ஆனால் அந்த முறை இரு நூற்றாண்டுக்கு மேல் நின்று நிலைத்ததற்குச் சவுக்கு மட்டும் காரணமல்ல என்பது எனது எண்ணம். அதைத் தாங்கிப் பிடித்தவர்களுள் பெரும்பாலானோர் கொடியவர்கள் என்று ஊரில் பேர் எடுத்தவர்களல்லர்; பிள்ளைகளின் எதிர்காலத்தை நினைத்து உறக்கம் இழந்த தகப்பன்மார். பாசத்தோடு எழுதப்பட்ட சாசனம்தான் அடிமைமுறையை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றியது.

இது தற்செயலாக நடந்ததன்று. சட்டம் படிப்படியாக அதற்கு வழி வெட்டியது. 1619 இல் முதல் ஆபிரிக்கர் இருபது பேரளவில் வேர்ஜீனியாவில் இறக்கப்பட்டபோது, பரம்பரை அடிமை என்பதற்கு அங்கே தெளிவான சட்டம் இருக்கவில்லை. 1656 இல் எலிசபெத் கீ என்னும் பெண் வழக்காடி விடுதலை பெற்றாள். தகப்பன் ஆங்கிலேயன், தான் திருமுழுக்குப் பெற்றவள், ஒப்பந்த காலமும் கடந்துவிட்டது என்பவை அவளது வாதங்கள். அந்த வாசல்கள் விரைவில் அடைக்கப்பட்டன. பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்று 1662 இல் சட்டம் வந்தது. ஆங்கிலேய வழக்கில் பிள்ளைக்குப் பெயரும் உரிமையும் தகப்பன் வழியாகத்தான். அடிமைப் பெண்ணுக்கு மட்டும் அது தலைகீழாக்கப்பட்டது. எசமான் தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளைக்கு இனி அவன் தகப்பனல்லன், உடைமைக்காரன். 1667 இல் வந்த சட்டம், திருமுழுக்கு ஒருவனை அடிமைத்தளையிலிருந்து விடுவிக்காது என்றது. எசமானர்கள் அச்சமின்றித் தங்கள் அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். குருத்துவப் பணியில் இருக்கும் எவனும் இந்த இடத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

1705 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு படி சென்றது. உரிமை வழி சேர்வதற்காக அடிமைகள் அசையா ஆதனம் எனப்பட்டனர். நிலத்தைப் போலவே வாரிசுக்குப் போவர். கடன்காரன் வந்தாலோ அவர்கள் அசையும் ஆதனமாகிப் பறிமுதலாவர். மகனுக்கு ஒரு கணக்கு, கடன்காரனுக்கு வேறொரு கணக்கு. இடையில் நின்ற மனிதனுக்குக் கணக்கே இல்லை. எசமான் மனமிரங்கி விடுதலை செய்ய விரும்பினாலும், 1723 முதல் 1782 வரை ஆளுநரினதும் அவரது சபையினதும் அனுமதியில்லாமல் அது முடியாதிருந்தது.

இதை வாசித்து நாம் பெருமூச்சு விட்டு நகர முடியாது. வேர்ஜீனியா இச்சட்டத்தை எழுதி இரண்டு வருடங்கள் முடிவதற்குள், 1707 இல், ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தேசவழமை என்று தொகுத்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் பற்றிய பகுதிகளோடு அடிமை குடிமைகள் பற்றிய பகுதியும் அதில் உண்டு. இலங்கையில் 1844 இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதால் அப்பகுதி செத்துப்போயிற்று. ஏனையவை நமது வீடுகளில் இன்னும் வாழ்கின்றன.

இனி ஒரு குடும்பத்தின் கதைக்கு வருவோம். ஜோர்ஜ் வொஷிங்டனின் தகப்பனார் 1743 இல் இறந்தபோது, 11 வயதுப் பையனுக்குப் பத்து அடிமைகள் பங்காகக் கிடைத்தனர். 1759 இல் அவர் மணந்த மார்த்தா ஒரு விதவை. மார்த்தாவின் முதற் கணவர் டானியேல் பார்க் கஸ்டிஸ் பெரும் செல்வந்தர்; 1757 இல் சாசனம் எழுதாமலே இறந்துவிட்டார். சட்டப்படி விதவைக்கு மூன்றிலொரு பங்கு, அதுவும் சீவிய உரித்தாக மட்டும். ஆண்டு அனுபவிக்கலாம், விற்கவோ விடுவிக்கவோ முடியாது. இறந்தபின் அது முதற் கணவரின் வழித்தோன்றல்களுக்குச் சேரும். அந்தப் பங்கில் 84 அடிமைகள் மார்த்தாவோடு புகுந்த வீட்டிற்கு வந்தனர். 1799 இல் அவர்களின் தொகை 153. நாற்பது வருடத்துப் 'பெருக்கம்' இது. வொஷிங்டனுக்குச் சொந்தமானவர்கள் 123 பேர். இரு பகுதியினரும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தனர், ஒருவரையொருவர் மணந்தனர், பிள்ளை பெற்றனர். இடையில் ஓடிய எல்லைக்கோடு சட்டத்தரணியின் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தது.

மார்த்தாவின் பங்கில் பிறந்தவள் ஓனா ஜட்ஜ். வொஷிங்டன் ஜனாதிபதியாக இருந்த காலத்தில் பிலடெல்பியாவில் மார்த்தாவின் அந்தரங்கப் பணிப்பெண். நன்றாக உடுத்து, பெரிய வீட்டில் வாழ்ந்தவள். புதிதாக மணம் முடித்த பேத்திக்குத் தன்னைக் கொடுக்கப் போகிறார்கள் என்று அறிந்ததும், 1796 மே மாதத்தில் ஒரு மாலை வீட்டார் உணவருந்திக்கொண்டிருக்கையில் அவள் வெளியேறிக் கப்பலேறி நியூஹாம்ஷயருக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு மாலுமியை மணந்து மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். 1848 இல் வறுமையிலே இறந்தபோதும் சட்டத்தின் பார்வையில் அவள் கஸ்டிஸ் குடும்பத்தின் தப்பியோடிய ஆதனமே. கணவன் சுதந்திரமானவனாயிருந்தும் பிள்ளைகளும் அவ்வாறே. தாயின் நிலை பிள்ளைக்கு.

இங்கே ஒரு வழமையைக் குறிப்பிட வேண்டும். தோட்டக்காரர் காணியைப் பெரும்பாலும் ஆண்மக்களுக்கும், அடிமைகளைப் பெண்மக்களுக்கும் கொடுத்தனர். காணியைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீடு போக முடியாதல்லவா? ஆகவே எசமானின் வீட்டில் நடந்த ஒவ்வொரு கலியாணமும் குடிசையில் ஒரு பிரிவு. தாயிடமிருந்து பத்து வயதுப் பிள்ளையைப் பிரித்தது பல வேளைகளில் வெள்ளை மணப்பெண்ணின் மகிழ்ச்சியே.

நல்ல எசமானர்களும் இருந்தார்களே என்று சிலர் கேட்பதுண்டு. இருந்தார்கள். ஆனால் எசமானின் நல்ல குணம் எசமானோடு செத்துப்போகும், ஆதனம் சாகாது. தோமஸ் ஜெபர்சனைப் பாருங்கள். 1773 இல் மாமனார் ஜோன் வெய்ல்ஸ் இறந்தபோது, மனைவி வழியாக 135 அடிமைகளும் 11,000 ஏக்கர் நிலமும் பெருங்கடனும் அவருக்கு வந்தன. வந்தவர்களுள் மாமனாருக்கே பிறந்த சாலி ஹெமிங்ஸ் என்ற குழந்தையும் ஒருத்தி. அதாவது மனைவியின் அரைச் சகோதரி. மனிதர் யாவரும் சமம் என்று 1776 இல் எழுதிய அதே கை, அவ்வாண்டிலேயே வேர்ஜீனியாவில் சொத்தை ஒரே வாரிசுக்குக் கட்டிவைக்கும் வழக்கத்தையும் ஒழித்தது. பிரபுத்துவத்திற்கு அது நல்ல அடி. ஆனால் நிலத்தோடு கட்டப்பட்டிருந்த அடிமைகளும் அதனால் கட்டவிழ்ந்து, பங்குபோடக்கூடியவர்களானார்கள் என்பதை எத்தனை பேர் நினைத்தார்களோ! ஜெபர்சன் 1826 இல் கடனோடு இறந்தார். அவரது சாசனம் ஐந்து பேரையே விடுவித்தது. அவர்களுள் ஒருவர் கொல்லர் ஜோ பொசெற். 1827 ஜனவரியில் ஏறத்தாழ 130 பேர் ஏலத்தில் விடப்பட்டபோது, அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அந்த ஏலத்தில் இருந்தனர்.

வொஷிங்டன் தன் பெயரில் இருந்தவர்களை மனைவியின் காலத்திற்குப்பின் விடுவிக்குமாறு 1799 இல் சாசனம் எழுதினார். வயோதிபருக்கு ஆதரவு, அநாதைச் சிறுவர்க்கு எழுத்தறிவு என்பவையும் அதில் உண்டு. மெச்சவேண்டியதே. ஆயினும் அந்த ஏற்பாட்டால் நூற்றுக்கு மேற்பட்டோரின் விடுதலை ஒரு மூதாட்டியின் சாவில் தங்கியிருந்தது! மார்த்தாவுக்கு அது அச்சமூட்டியது என்று அவ்வீட்டிற்குச் சென்ற அபிகேல் அடம்ஸ் எழுதினார். 1801 ஜனவரி 1 இல் மார்த்தா அவர்களை முன்கூட்டியே விடுவித்தார். கஸ்டிஸ் பங்கினரை அவரால் விடுவிக்க முடியாது. 1802 இல் மார்த்தா இறக்க, அவர்கள் நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பிரிக்கப்பட்டனர். தகப்பன் சுதந்திரன், தாயும் பிள்ளைகளும் வேறு வேறு தோட்டங்களில். அந்தப் பேரனின் ஆட்கள், அவருடைய மருமகன் றொபேட் லீயின் கையால் விடுதலை பெற்றது 1862 டிசம்பரில். 1757 இல் ஒரு மனிதர் சாசனம் எழுதாமல் கண்மூடியதன் விளைவு நூறு ஆண்டு கடந்தும் ஓடியது.

வொஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை, அதனால் அவரால் முடிந்தது, பிள்ளைகுட்டிக்காரர் என்ன செய்வர் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அதே வேர்ஜீனியாவில் மூன்றாம் றொபேட் காட்டர் இருந்தார். அவருடைய பாட்டனாருக்கு மன்னர் என்றே பட்டப்பெயர். 1732 இல் இறக்கையில் ஏறக்குறைய 3 இலட்சம் ஏக்கர் விட்டுச்சென்றவர். பல பிள்ளைகளைப் பெற்ற இந்தப் பேரன், உறவினரும் அயலவரும் முகஞ்சுழிக்க, 1791 இல் தன் சீவிய காலத்திலேயே உறுதி எழுதி நானூற்றைம்பதுக்கு மேற்பட்டோரைப் படிப்படியாக விடுவிக்கத் தொடங்கினார். சாசனத்திற்கு விட்டால் வாரிசுகள் குழப்புவர் என்பது அவருக்குத் தெரியாததா? பாடநூல்களில் அவருக்கு இடமில்லை. எனக்கு இது எப்போதும் ஆச்சரியம்.

மறுபுறம் பிள்ளைகளே இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அயல் குடியேற்றமான மேரிலாந்தில் இயேசுசபைக் குருக்கள் புகையிலைத் தோட்டங்களை நடத்தினர். கத்தோலிக்கச் சபைக்கு அங்கே சட்டத்தில் இடமில்லாததால், காணியும் அடிமைகளும் ஒரு குருவின் சொந்தப் பெயரிலிருந்து இன்னொரு குருவின் பெயருக்குச் சாசனம் மூலமே கைமாறின. மனைவி மக்களைத் துறந்தவர்களும் முதுசம் விட்டுச்சென்றனர். 1838 இல் சபையினர் 272 பேரை 115,000 டொலருக்கு லூயிசியானாவுக்கு விற்றனர். பணத்தின் ஒரு பகுதி ஜோர்ஜ்டவுண் கல்லூரியின் கடனுக்குப் போயிற்று. குடும்பங்களைப் பிரிக்கக்கூடாது, பணத்தைக் கடனடைக்கப் பாவிக்கக்கூடாது என்று உரோமை இட்ட நிபந்தனைகள் காற்றில் பறந்தன. ஆகவே பிள்ளைப் பாசம்தான் எசமானர்களின் கையைக் கட்டியது என்ற வாதம் எனக்கு ஏற்புடையதன்று. ஆதனத்தைக் காப்பது கடமை என்று ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அந்தக் கடமைக்கு மகன் என்றும் பெயர் வைக்கலாம், கல்லூரி என்றும் வைக்கலாம், மறைபரப்பு என்றும் வைக்கலாம்.

விற்பனைக்காக எழுதப்பட்ட பெயர்ப் பட்டியல் அழியாமல் இருந்தது. பெயரும் வயதும் கொண்ட அப்பட்டியலையும் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளையும் வைத்து, லூயிசியானாவில் வாழும் பேரப்பிள்ளைகள் தம் முன்னோரைக் கண்டுபிடித்து வருகின்றனர். 2017 ஏப்ரலில் இயேசுசபையினரும் பல்கலைக்கழகமும் அவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டனர். விற்பனையை நடத்திய அருட்தந்தை மல்லெடியின் பெயர் தாங்கிய கட்டடம் அங்கே ஒன்று இருந்தது. பட்டியலில் முதலாவதாக எழுதப்பட்டிருந்தவர் ஐசக் என்ற முதியவர். கட்டடம் இப்போது ஐசக் ஹோக்கின்ஸ் மண்டபம் என்று அழைக்கப்படுகிறது.