வாழையிலைக்கு ஏற்ற துணை எது?

உண்ணும் உணவுக்கேற்ற பருகுபொருளைத் தேர்வது நாகரிகத்தின் ஒரு கூறு. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயின், ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குக் கரிய ஸ்டவுட், பொரித்த மீனுக்கு மெல்லிய லாகர் என இணை வகுத்து, அதுவே சுவையறிவின் உச்சம் என்று கிள்ளான் பள்ளத்தாக்கின் இளைஞர்க்குக் கற்பிக்கின்றனர் சிலர். இஃது அறிவா, வாணிகமா?

அறிவின் பக்கம் நின்றே ஆராய்வோம். சிப்பிக்கு ஸ்டவுட் என்பது ஆங்கிலேயர் வழக்கம். வறுத்த பார்லியின் கசப்பு சிப்பியின் உப்போடு பொருந்தும். அவ்வுணவில் மிளகாய் இல்லை. நம் குழம்பிலோ மிளகாயே ஆட்சி செய்கின்றது. அதன் எரிவுக்குக் காரணமான கேப்சைசின் நீரில் எளிதிற் கரையாது. பீரில் பெரும்பகுதி நீரே. நூற்றுக்கு ஐந்து அளவிலான சாராயம் எரிவை அகற்றப் போதாது. ஹாப்ஸின் கசப்பும் நுரைக்கும் வாயுவும் எரிவை மிகுவிக்கவே செய்யும். பால், மோர் ஆகியவற்றிலுள்ள கேசின் என்னும் புரதமோ அதனைப் பற்றி அகற்றும். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டில் மோர் இடம்பெறுவது வெறும் சடங்கன்று. நம் பாட்டிமார் நாவால் ஆய்ந்து கண்ட இணை அது.

'அதியமானும் ஔவையும் கள்ளுண்டனரே!' என்பர் சிலர். உண்டனர், மறைப்பானேன்? ஆயின் புறநானூற்றுப் புலவர் போற்றியது, கள் சிறிதே இருப்பின் அதனைப் பிறர்க்கு ஈந்த வள்ளன்மையை. விற்பனைக்கு அச்சான்று உதவாது.

இணை கற்பிப்பதன் உட்கருத்து வேறு. விழா ஆண்டில் சில நாள், உணவோ நாள்தோறும். மதுவை உணவோடு பிணைத்துவிட்டால் அதுவும் நாள்தோறும் விற்கும் அன்றோ?

இன்னொரு கொடுமையும் உண்டு. கருவாட்டைத் தொட்டுக்கொண்டு கள் பருகிய தோட்டத் தொழிலாளியைக் 'குடிகாரன்' என்று இகழ்ந்தோம். குளிரூட்டிய அறையில் பீர் பருகுவோனைச் 'சுவைஞன்' என்று புகழ்கின்றோம். செயல் ஒன்று, சொல் மட்டும் வேறு. சொல்லின் நேர்மையைக் காக்க வேண்டியவர் தமிழாசிரியர் அல்லரோ?

அத்தொழிலாளியின் வரலாற்றை நினைவிற் கொள்வோம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. ஊதிய உயர்வு வேண்டும், துரைமாரைக் கண்டு மிதிவண்டியிலிருந்து இறங்கும் இழிவு ஒழிய வேண்டும் என்றவர்கள், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கோரினர். தன்மானமும் மதுவிலக்கும் அவர்க்கு ஒரே கோரிக்கைத் தாளில் இடம்பெற்றன. துப்பாக்கிக் குண்டுகளுக்கு உயிரீந்தோரும் அவருள் உண்டு.

அவர்தம் பேரப்பிள்ளைகளே இன்று நம் வகுப்புகளில் அமர்ந்துள்ளனர். இந்நாட்டில் மது வாங்கும் வயது 2017 டிசம்பரில் பதினெட்டிலிருந்து இருபத்தொன்றாக உயர்த்தப்பட்டது. சட்டம் தன் கடமையைச் செய்தது. நம் கடமை எது? மாணவர்க்கு இவ்வரலாற்றைச் சொல்வோம். விளம்பரச் சொற்களைப் பிரித்துப் பொருள் காணவும் பயிற்றுவோம். பகுத்துணரக் கற்ற பிள்ளை, தன் இலைக்கு ஏற்ற துணையைத் தானே தேர்ந்துகொள்ளும்.