ஈயும் ஆய்வுக்குரியதே

சேலத்து மாங்கனியின் தோலைத் துளைத்துப் பழ ஈ முட்டையிடுகிறது. உள்ளே புழு பெருகிக் கனி அழுகுகிறது. நாமக்கல் கோழிப்பண்ணைகளின் எச்சத்தில் பெருகும் வீட்டு ஈ, அண்டை ஊர்களின் உணவில் வந்து அமர்கிறது. இவ்வாறிருந்தும், ‘ஈயை ஆராயவா பொதுப்பணம்?’ என்னும் ஏளனம் ஓயவில்லை.

அவ்வேளனம் பொருந்தாது. பீகாரின் பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய ஹவ்லெட், மீத்தைல் யூஜினால் என்னும் மணப்பொருள் ஆண் பழ ஈக்களை ஈர்ப்பதை 1915இல் வெளியிட்டார். இன்று மாந்தோப்புகளில் தொங்கும் ஈப்பொறிகளில் பயன்படுவது அப்பொருளே. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திகி, டிரோசோபிலா என்னும் சிற்றீயைக் கொண்டு மணமும் சுவையும் உணரப்படும் முறையை ஆராய்ந்தார். 2006இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். அதே சிற்றீயின் வழியே உடற்கடிகாரத்தின் இயக்கத்தைக் கண்டறிந்த மூவர் 2017இல் நோபல் பரிசு பெற்றனர்.

விருது, விளைச்சல் கண்டபின் வருவது. நல்கையோ விதைக்கும்போதே வேண்டப்படுவது. ஹவ்லெட்டின் கண்டுபிடிப்பு தோப்புகளை வந்தடையப் பல்லாண்டுகள் ஆயின. ஆகவே, உடனடிப் பயனை மட்டும் கேட்டு நல்கையை மறுப்பது, விதை முளைக்குமுன் நீரை நிறுத்துவதற்கு ஒப்பாகும். ஈயால் இழப்பவர் உழவர். ஈயை அறியச் செலவிடுவது அவர்க்குச் செய்யும் கடமையாகும்.