கஷாயச் சக்கை ஆட்டுக்குட்டிக்கு உணவாகுமா?

ஆடு ஏழையின் பசு என்பார்கள். ஆனால் ஏழையின் பசுவுக்கும் மேய நிலம் வேண்டும். மாத்தளை மாவட்டத்தில் மொறகஹகந்த நீர்த்தேக்கம் 2017இலும், களுகங்கை நீர்த்தேக்கம் 2018இலும் நிரம்பத் தொடங்கியபோது, பழைய வயல்களும் தோட்டங்களும் நீரில் மூழ்கின. 1977, 1983 வன்செயல்களின்போது இம்மாவட்டத் தோட்டங்களை விட்டு ஓடிய குடும்பங்களும் இதே இழப்பை அறிந்தவர்களே. புதிய இடத்தில் வீடு எழும்பலாம். பழைய மேய்ச்சல் தரை கூடவே வருவதில்லை. ஆகவே ஆட்டைக் கட்டித் தீன் போட்டு வளர்க்க வேண்டியுள்ளது. புண்ணாக்கும் தவிடும் காசு கேட்கின்றன.

இந்நிலையில், மாத்தளை வீதியோர மூலிகைத் தோட்டங்களிலும் வைத்தியர் வீடுகளிலும் கஷாயம் காய்ச்சியபின் ஒதுக்கும் சக்கையைக் குட்டிகளுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுகிறது. கொடுக்கலாம் என்பதே எமது கருத்து. ஆனால் இலவசமாகக் கிடைக்கிறதென்று எதையும் குட்டியின் வாயில் வைக்கலாகாது.

முதலாவது, என்ன சரக்கு என்று தெரிய வேண்டும். கொத்தமல்லி, இஞ்சிச் சக்கை வேறு. எட்டி, சேங்கொட்டை, நாபி கலந்த சக்கை வேறு. இந்த நச்சுச் சரக்குகளை வைத்தியர்கள் சுத்தி செய்தே மருந்தில் சேர்க்கிறார்கள். அப்போது கழிக்கும் தோலும் நீரும் குட்டியைக் கொல்லக்கூடியவை. மனிதருக்கு மருந்தானது ஆட்டுக்கு உணவாகிவிடாது. தைலம் காய்ச்சிய சக்கையும், அரிஷ்டம் புளித்த பானையின் அடிமண்டியும் வேண்டாம்.

இரண்டாவது, ஈரச் சக்கையில் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். அன்றே வெயிலில் பரப்பி, நன்றாகக் காய்ந்தபின் சாக்கில் கட்ட வேண்டும். பூஞ்சண வாடை வந்தால் எருக்குழிக்கே போகட்டும்.

மூன்றாவது, குட்டியின் வயது. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைக்க வேண்டும். இரண்டு, மூன்று கிழமையில் குட்டி இலையைக் கடிக்கத் தொடங்கினாலும், நாரைச் செரிக்கும் பெரிய இரைப்பை வளர மேலும் காலம் எடுக்கும். எனவே இரண்டு மாதத்துக்குமுன் சக்கை வேண்டாம். அதன்பின்னரும் ஒரு சிறு பிடியைத் தவிட்டுடன் கலந்து தொடங்குங்கள். கழிச்சல் கண்டால் உடனே நிறுத்துங்கள்.

சக்கையில் மிஞ்சுவது பெரும்பாலும் நார்தான். சத்தில் ஒரு பகுதி கஷாயத்தோடு போய்விடுகிறது. குட்டி வளரப் புரதம் வேண்டும். அதற்கு மிளகுக் கொடி தாங்கும் கிளிசிரிடியா மரமே எம் வேலியில் நிற்கிறது. அதன் இலையை வெட்டி, சற்று வாடவிட்டுக் கொடுத்தால் ஆடு விரும்பித் தின்னும். சக்கை துணைத் தீன். இலையும் தாய்ப்பாலுமே முதன்மை.

இந்தப் பொறுப்பு முழுவதையும் ஏழைக் குடும்பத்தின் தலையில் சுமத்துவது நியாயமல்ல. மருந்து தயாரிப்போர் ஒவ்வொரு சாக்கிலும் என்ன சரக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அது அவர்களுக்குச் செலவில்லாத உதவி. கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் தொலைவில் இல்லை. எந்தச் சக்கை ஆகும், எது ஆகாது என்று சோதித்து, எளிய தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பட்டியல் தரும்படி ஊர்ச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து கேட்க வேண்டும்.

அதுவரை பெயர் தெரியாத சக்கையை வாங்காதிருப்போம். ஒரு சாக்குத் தீன் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு குட்டியை இழந்தால், மீண்டும் ஒன்று வாங்க எம்மிடம் என்ன இருக்கிறது?