தண்ணீர் குறைந்தால் தீ எழும்

காம இச்சை மிகுந்த மனிதனை உலகம் இரண்டு விதமாகப் பார்க்கிறது. பலசாலி என்று ரகசியமாக மெச்சிக்கொள்கிறது. அல்லது பாவி என்று பகிரங்கமாகத் தூற்றுகிறது. சீன தேசத்துப் பழைய வைத்தியர்கள் இந்த இரண்டையும் சொல்லவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார்கள். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தார்கள். பிறகு, "உனக்கு நெருப்பு அதிகமில்லை, அப்பா, தண்ணீர்தான் போதவில்லை" என்ற பொருள்படத் தீர்ப்புக் கூறினார்கள்.

குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் பத்திரிகையில் இந்த விஷயம் வரலாமா என்று சில நேயர்கள் நெற்றியைச் சுருக்கக்கூடும். வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைப்பற்றி ஒருவரும் வாய் திறவாமல் இருப்பதனால் யாருக்கு லாபம் என்பதைப் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷங்கள் கழித்த நாம் அறிவோம். ஆகையால் கூசாமல் மேலே செல்வோம்.

சீன வைத்தியத்தின் ஆதி நூலாக மதிக்கப்படுவது, மஞ்சள் சக்கரவர்த்தியின் பெயரால் வழங்கும் 'ஹுவாங்தி நெய்ஜிங்'. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. அதன்படி இருதயம் நெருப்புக்கு உரியது; சித்தம் குடியிருப்பது அங்கே. சிறுநீரகம் நீருக்கு உரியது. பிறக்கும்போதே நாம் கொண்டுவந்த ஜீவசாரம் சேமித்து வைக்கப்பட்டிருப்பது அங்கே. பெண்ணின் ஆயுளை ஏழேழு ஆண்டுகளாகவும், ஆணின் ஆயுளை எட்டெட்டு ஆண்டுகளாகவும் வகுத்து, அந்தச் சாரம் நிறைவதையும் வற்றுவதையும் கணக்கிட்டிருக்கிறார்கள். நீர் கீழிருந்து மேலெழுந்து இருதயத்தைக் குளிர்விக்க வேண்டும்; நெருப்பு மேலிருந்து இறங்கி நீரை வெதுவெதுப்பாக வைக்க வேண்டும். இந்த உறவு அறுந்தால் தூக்கம் கெடும், கனவு மிகும், இச்சை கட்டுக்கடங்காது. உள்ளங்கை, உள்ளங்கால், மார்பு மூன்றும் காந்தும், இரவில் வியர்க்கும், நாக்கு மாசின்றிச் சிவந்திருக்கும், நாடி மெலிந்து வேகமாக ஓடும். தாகமெடுத்த நிலத்தில் பற்றிய தீயைப் போன்றது இந்த இச்சை என்பது அவர்கள் கருத்து.

இந்தக் கொள்கையை வற்புறுத்தியவர் ஜூ தான்ஷி என்பவர் (1281–1358). ஜெஜியாங் மாகாணத்து யீவூ ஊரினர். தாயாரின் நோயைக் கண்டு மனம் நொந்து வைத்திய நூல்களைப் புரட்டத் தொடங்கியவர். நாற்பது வயதைக் கடந்த பிறகு ஹாங்ஜௌ நகரில் லோ ஜிதி என்ற கிழ வைத்தியரின் வாசலில் போய் நின்றார். கிழவர் பலமுறை திட்டித் துரத்தினார். மூன்று மாதம் தளராமல் போய் நின்றபின்தான் கதவு திறந்தது. நாற்பதுக்கு மேல் இப்படி வாசலில் நின்று கற்கும் துணிவு நமக்கு உண்டா என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்குவோம்.

1347-ல் ஜூ எழுதிய நூலின் தொடக்கமே உணவையும் காமத்தையும் பற்றிய எச்சரிக்கைதான். உடலில் ஓர் 'அரசத் தீ' உண்டு, அது இருதயத்தில். ஒரு 'மந்திரித் தீ' உண்டு. அது ஈரலிலும் சிறுநீரகத்திலும். அரசன் அமைதியாயிருந்தால் மந்திரி ஊழியம் செய்வான். அரசன் கண்ட பொருளையெல்லாம் கண்டு சலித்தால் மந்திரி கலகம் செய்வான். ஆகவே முதல் சிகிச்சை மனத்துக்கு. கோடைக் காலத்தில் தனியே படுக்க வேண்டும், உப்பும் உறைப்பும் குறைந்த உணவு உண்ண வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் மருந்து: சாரத்தைப் பெருக்கும் ஒரு கிழங்கு, ஆமை ஓட்டின் அடிப்பாகம், தீயை அடக்கும் கசப்பான மரப்பட்டை ஒன்று, வேர் ஒன்று, பன்றியின் முதுகெலும்பு மஜ்ஜையும் தேனும் சேர்த்து உருட்டிய மாத்திரை. சைவ நேயர்கள் மன்னிப்பார்களாக.

எல்லா மிகுதிக்கும் ஒரே மருந்தல்ல. கண் சிவந்து, வாய் கசந்து, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறவனுக்கு ஈரலில் உண்மையான தீ என்று சொல்லி வேறு கஷாயம் கொடுத்தார்கள். இதற்கெல்லாம் முன்னரே, ஏழாம் நூற்றாண்டில் ஸுன் ஸிமியாவோ என்ற பெரியார், விந்து வெளியேறுவதற்கு வயதுவாரியாகக் கணக்கு எழுதிவைத்தார்: இருபதில் 4 நாளுக்கு ஒரு முறை, முப்பதில் 8, நாற்பதில் 16, ஐம்பதில் 20. ஆனால் அடியோடு அடக்குவதையும் அவர் ஒப்பவில்லை. துணையின்றி வாழ்ந்தால் மனம் அலைந்து உடல் நலியும் என்றே கருதினார்.

ஜூவின் சிகிச்சைகளுள் நமக்கு மறக்க முடியாதது ஒரு பெண்ணைப் பற்றியது. மணம் பேசிய கணவன் தெற்கே குவாங் நாட்டுக்குப் போய் ஐந்து ஆண்டுகள் திரும்பவில்லை. அவள் உணவு கொள்ளாமல், சுவர்ப் பக்கம் திரும்பி அரை வருஷம் படுத்திருந்தாள். ஏக்கம் மண்ணீரலில் முடிச்சிட்டிருக்கிறது, கோபம்தான் அதை அவிழ்க்கும் என்றார் வைத்தியர். வேண்டுமென்றே சினமூட்டினார்கள், அவள் சில மணி நேரம் ஓவென்று அழுதாள், பிறகு கஞ்சி கேட்டாள். மீண்டும் ஏக்கம் முடிச்சிடாதிருக்க மகிழ்ச்சி வேண்டுமே! கணவன் விரைவில் வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது என்று பொய் சொன்னார்கள். மூன்று மாதத்தில் அவன் உண்மையிலேயே வந்து சேர்ந்தான். பெண்ணின் ஆசையை அவர் பழிக்கவில்லை. அதற்கு வழி தேடினார். பொய் சொன்னதை நாம் சிலாகிக்கவில்லை.

சீன வைத்தியர்களே இதில் ஒருமித்திருக்கவில்லை. ஜாங் ஜிங்யுவே (1563–1640) ஜூவை நேருக்கு நேர் மறுத்தார். மனிதனுக்கு உஷ்ணமே உயிர், குளிர்ச்சியான கசப்பு மருந்துகளை ஓயாமல் கொடுத்தால் அவ்வுயிர்த்தீ அணையும் என்றார்.

பிற்காலத்தில் வேறோர் ஆபத்தும் வெளிப்பட்டது. ஈரல் தீக்கென்று கொடுக்கும் 'லோங்தான்' மாத்திரையில் சேர்ந்துவந்த ஒரு கொடித்தண்டின் விஷம் சிறுநீரகத்தைக் கெடுத்தது. ஜீவசாரத்தின் கருவூலம் என்று எந்த உறுப்பைப் போற்றினார்களோ, அந்த உறுப்பையே! 2003-ல் சீன அரசாங்கம் அந்தச் சரக்கை விலக்கியது. மூலிகைதானே என்று வாங்கி விழுங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நவீன வைத்தியத்துக்கு ஜீவசாரக் கணக்கில் நம்பிக்கையில்லை. இச்சையை அடக்க முடியாமல் வாழ்க்கையே சீர்குலையும் நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய்ப்பட்டியலில் சேர்த்திருக்கிறது. பெரும்பாலும் மனநல வைத்தியரின் உரையாடலே சிகிச்சை. நடுக்கு வாதத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகளாலும் திடீரென்று இச்சை பெருகுவதுண்டு. வயோதிகர் ஒருவர் இயல்பு மாறி நடந்தால், அவரை ஏசுவதற்கு முன் மருந்துச் சீட்டை வைத்தியரிடம் காட்டவேண்டும்.

சாரம் வற்றிவிடும் என்ற போதனை சீனத்து இளைஞர் பலரை அஞ்சி மெலியச் செய்தது. அந்த அச்சத்துக்கே 'ஷென்குய்' என்று பெயர். நம் நாட்டில் 'தாது நஷ்டம்'. சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் ஒரு பையன், எவனோ கொடுத்த துண்டு விளம்பரத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் திரிந்தான். பரீட்சைக் கட்டணத்தை லேகியத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தான். போனது உடல் நாள்தோறும் உண்டாக்குவதே என்பதை விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. பணம் திரும்பவில்லை; பையன் பரீட்சை எழுதினான்.