மூன்றாம் தடவை பரீட்சை: எமது நிலைப்பாடு

உயர்தரப் பெறுபேறு போதவில்லை என்றவுடன் அதே பாடங்களை இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் எழுத வைப்பது எமது ஊர்களில் வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. இரண்டாம் தடவைக்குத் தெளிவான காரணம் வேண்டும். மூன்றாம் தடவை மிக அரிதாகவே நியாயப்படும். பாடசாலையைப் பெயருக்கு வைத்துக்கொண்டு ரியூஷன் வகுப்புகளிலேயே ஈராண்டைக் கழிப்பதையும் நாம் ஏற்கவில்லை. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையான ஊர்களின் பெற்றோரும் பழைய மாணவரும் ஆசிரியரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இது.

பல்கலைக்கழக அனுமதிக்கு எது கணக்கில் வருகிறது என்பதில் இன்னும் பல வீடுகளில் குழப்பம் இருக்கிறது. சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்தது அங்கே எண்ணப்படுவதில்லை. விவாதக் குழுத் தலைமையும் மாணவர் தலைவர் பதவியும் அப்படித்தான். தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கென ஒரு சிறிய விசேட ஒதுக்கீடு மட்டும் உண்டு. மற்றவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இசட் புள்ளிதான். மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் குறைந்தது எஸ் சித்தியும், பொது சாதாரண பரீட்சையில் 30 புள்ளியும் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும்.

இசட் புள்ளி 2001இல் வந்தது. பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 என்றால் அதில் 70 எடுத்தவருக்கு இசட் 2 வரும். சராசரி 60, நியம விலகல் 10 ஆன இன்னொரு பாடத்தில் அதே 2ஐப் பெற 80 வேண்டும். ஆகவே "லேசான பாடம் எடு, புள்ளி ஏறும்" என்ற ஆலோசனை கணக்குப்படியே பிழை. மறுபடி எழுதும் பிள்ளையின் புள்ளியும் அந்த ஆண்டில் எழுதும் எல்லாரோடும் ஒப்பிட்டே கணிக்கப்படும். சென்ற தடவையை விடப் பத்துப் புள்ளி கூட எடுத்தும் இசட் அசையாமல் நிற்கலாம்.

இன்னொரு விதியையும் பலர் கவனிப்பதில்லை. இரசாயனவியல் மட்டும் பிழைத்துவிட்டது, அதை மட்டும் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது முடியாது, மூன்றையும் திரும்ப எழுத வேண்டும். இடையில் பாடத்திட்டம் மாறினால் நிலைமை இன்னும் சிக்கல். 2011இல் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியவர்களை ஒன்றாக்கி இசட் கணித்ததால் எழுந்த வழக்கில், 2012இல் உயர் நீதிமன்றமே தலையிட்டு வெவ்வேறாகக் கணிக்கச் சொன்னது. அவ்வளவு காலமும் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

அம்பாறை மாவட்டக் கோட்டாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்த 16இல் அம்பாறையும் ஒன்று. கல்முனைப் பிள்ளை சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயங்களோடும் அம்பாறை, தெஹியத்தகண்டிய, மகாஓயா வலயங்களோடும் ஒரே வரிசையில் நிற்கிறது. இந்தக் கோட்டா பின்தங்கிய பிரதேசத்துப் பிள்ளைகளுக்காகக் கொடுக்கப்பட்ட உரிமை. வெளியூரில் படித்த பிள்ளையைப் பதிவேட்டில் இங்கே காட்டி அந்த இடத்தைப் பிடிப்பது, பக்கத்து வீட்டு ஏழைப் பிள்ளையின் இடத்தைப் பிடிப்பதுதான். அதைச் செய்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் நாம் துணை போகமாட்டோம்.

எப்போது இரண்டாம் தடவை எழுதலாம்? விரும்பும் படிப்புக்கான வெட்டுப்புள்ளிக்கும் பிள்ளையின் இசட் புள்ளிக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். பரீட்சை நாட்களில் சுகவீனம், வீட்டில் மௌத்து, வெள்ளம் என்று காரணம் இருந்து, தூரமும் சிறிதாக இருந்தால் எழுதட்டும். 2024 நவம்பரில் எமது கரை வெள்ளத்தில் கிடந்தபோது பரீட்சையையே இடைநிறுத்தி, டிசம்பர் 4இல்தான் மீண்டும் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் இன்னொரு தடவை கேட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. தூரம் பெரிதென்றால் பயோ எனும் உயிரியல் பிரிவில் மூன்றாம் ஆண்டைச் செலவழிப்பதை விட, வந்த பெறுபேற்றுக்கு எந்தக் கதவு திறக்கிறது என்று பார்ப்பதே புத்தி. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. அட்டாளைச்சேனையில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. தாதியியல், மருந்தாளர், விவசாயம், யூனானி, சித்த மருத்துவம் என்று பயோ பிள்ளைக்கே வேறு படிப்புகள் உண்டு. விண்ணப்பத்தில் மருத்துவத்தை முதலில் போட்டதால் கீழே உள்ள தெரிவுகளுக்கான வாய்ப்புக் குறையாது. ஆனாலும் இரண்டு மூன்று தெரிவோடு நிறுத்திவிட்டு வெறுங்கையோடு நிற்கும் பிள்ளைகளை ஒவ்வொரு ஆண்டும் காண்கிறோம்.

சில வீடுகளில் மகனுக்கு மூன்றாம் தடவைக்கும் கடன் வாங்குகிறார்கள். மகளுக்கு இரண்டாம் தடவை என்றாலே "கலியாணம் பேசுவோம்" என்கிறார்கள். தூரத்தைப் பார்த்து முடிவெடுங்கள் என்று நாம் சொல்வது இருவருக்கும் ஒன்றுதான்.

பாடசாலைகளிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. பதின்மூன்றாம் தர வகுப்பறைகள் காலையில் வெறிச்சோடிக் கிடக்க, பின்னேரம் ரியூஷன் மண்டபங்கள் நிரம்பி வழிகின்றன. 80 சதவீத வரவு என்பது வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வரும் விதி. கையெழுத்தில் மட்டும் அதை நிறைவேற்றும் அதிபர்கள் பிள்ளைக்கு உதவி செய்வதாக நினைக்கிறார்கள். ஆய்வுகூடத்தைத் தொடாமலே இரசாயனவியல் எழுதும் பிள்ளையை உருவாக்குகிறார்கள். பதினொராம் தரம் முடியும்போதே எந்தப் பிரிவு யாருக்குப் பொருந்தும் என்று பெற்றோரோடு நேர்மையாகப் பேசும் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு பாடசாலையிலும் வேண்டும். 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது. அதை "பெயிலானவர்களின் பிரிவு" என்று பேசுவதை ஆசிரியர்களே முதலில் நிறுத்த வேண்டும்.

கல்முனை வலயக் கல்வி அலுவலகமும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பெறுபேறு வெளிவந்த வாரத்திலேயே இலவச வழிகாட்டல் அமர்வுகளை நடத்த வேண்டும் எனக் கோருகிறோம். இசட் கணக்கு விளங்கிய எமது பழைய மாணவர்கள் அங்கு வந்து உட்காரத் தயார். பெற்றோரே, இன்னொரு தடவைக்குப் பணம் கட்டுமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலைப் பிள்ளையோடு சேர்ந்து முழுதாக வாசியுங்கள். அது தமிழிலும் கிடைக்கிறது.