அணை உடைப்புக் கணக்கை ஊரறியக் காட்டு!



1977-இல் வேடசந்தூர் பக்கம் குடகனாறு அணை உடைந்ததை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. வெள்ளம் ஏறிய நேரத்தில் கரண்ட் போச்சு. ஷட்டர்களை முழுசாகத் தூக்க முடியவில்லை. ஜெனரேட்டர் வைத்தும், கையால் சுற்றியும் பலனில்லை. தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்து, 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை பல இடங்களில் கரையை அறுத்துக்கொண்டு போனது.

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30-இல் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே உள்ள பெரிய அணைகளுக்கு 5 ஆண்டுக்குள் அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. அணை உடைந்தால் எந்த ஊருக்கு, எவ்வளவு நேரத்தில், எத்தனை அடி தண்ணீர் வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வரைபடம் தருவார்கள். வரவேற்கிறோம். ஆனால், எந்த எண்ணைப் போட்டுக் கணக்குப் பார்த்தீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

முதலாவது, நிலமட்டம். இலவசமாகக் கிடைக்கும் சாட்டிலைட் உயரக் கணக்கில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதாவது சுமார் 22 சென்ட் நிலத்துக்கும் ஒரே உயரம். ஆற்றுக்கரையும் ஓடையும் அதில் காணாமல் போகும். தென்னந்தோப்பை மேடு என்று காட்டும். அந்த 'மேட்டை' நம்பிப் படுத்தால் யார் பொறுப்பு?

இரண்டாவது, ஆறு. சுத்தமான ஆற்றுக்கு ஒரு எண், சீமைக்கருவேலம் அடைத்த ஆற்றுக்கு வேறு எண். குறைத்துப் போட்டால் தண்ணீர் மட்டமும் குறைவாகவே தெரியும்.

மூன்றாவது, உடைப்பின் அகலம், உடையும் நேரம், ஷட்டர். எல்லா ஷட்டரும் திறக்கும் என்று வைத்துக்கொண்டால் அது 1977-ஐ மறந்த கணக்கு.

இதைச் சரிபார்ப்பது பெரிய வித்தை இல்லை. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். படித்த நம் பிள்ளைகளே அதில் உயரக் கணக்கைத் திறந்து, மேலே சர்வே வரைபடத்தை வைத்துப் பார்க்கலாம். 1977-இல் தண்ணீர் நின்ற இடங்களைப் பெரியவர்கள் காட்டினால் அதையும் குறிக்கலாம். தப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே கோருகிறோம்:

கணக்கில் போட்ட எண்கள் அத்தனையையும் தமிழில் கிராம சபையில் வை!

ஆற்றோர ஊர்களில் நேரில் வந்து மட்டம் பார்!

ஊரார் சொல்லும் திருத்தத்தைப் பதிவு செய்!

அடுத்த கிராம சபைக்கு ஒருவர் விடாமல் வாருங்கள். தீர்மானம் போடுவோம். பதில் வராவிட்டால் தாலுகா அலுவலகம் முன் திரளுவோம்!